கம்பிக்குக் கீழே நின்றவள்

கிட்ட வந்து உட்காருங்க. இது தூரத்து ஊர்க் கதை. கத்திச் சொன்னால் கெட்டுப்போகும்.

"உஸ்தோஸ், எனக்குள்ள ஒரு கெட்டவ இருக்கா," என்றாள் மோஹிரா.

உஸ்பெக் நாட்டில் குருவை உஸ்தோஸ் என்று கூப்பிடுவார்கள். மோஹிராவின் குரு மஸ்தூரா. ஃபெர்கானா ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தருகிற கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. நாற்பத்திரண்டு வயது. சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துக்கொண்டேதான் எதையும் பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

"என்ன பண்றா அந்தக் கெட்டவ?"

"கமோலா கம்பியில ஏறினா, விழு விழுன்னு சொல்றா."

"சரி."

"அதோட நிக்கலை உஸ்தோஸ். நான் ஏறும்போது, உட்கார்ந்து பார்க்கிற அத்தனை பேரும் என்னைப் பார்த்து விழு விழுன்னு சொல்ற மாதிரியே கேக்குது. விழுந்துடறேன்."

மஸ்தூரா டீக் கெண்டியை எடுத்தாள். மோஹிராவின் கிண்ணத்தில் ஊற்றினாள். விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.

அந்த நாட்டில் டீக்கு ஒரு வழக்கம் உண்டு. கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாக ஊற்றினால், இருந்து பேசு, ஆற ஆற இன்னும் தருகிறேன் என்று அர்த்தம். தளும்பத் தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

மோஹிரா வாய் வேகக் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆறு வயதில் நெஞ்சுச் சளிக்காக அந்தக் கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஓடியாடினால் நெஞ்சு விரியும் என்று வைத்தியர் சொன்னாராம். விரிந்தது. பத்து வயதில் ஃபெர்கானாவில் முதலாவது. பதிமூன்றில் தாஷ்கந்தில், நாடு முழுக்க வந்த பிள்ளைகளில், மூன்றாவது. பதினைந்தில் இரண்டாவது. பதினாறில் இரண்டாவது. பதினேழிலும் இரண்டாவது.

மூன்று தடவையும் அவளுக்கு முன்னால் நின்றவள் கமோலா. அதே கூடம், அதே குரு, அதே வயது. இரண்டு பேரும் துணி வைக்கிற அலமாரிகூட ஒட்டி ஒட்டி.

பதினெட்டில் மோஹிரா இரண்டாவதாகக்கூட வரவில்லை. கம்பியிலிருந்து விழுந்தாள். அடுத்த போட்டியில் இரண்டு முறை விழுந்தாள்.

இப்போது ஆசியப் போட்டி வருகிறது. கம்பி ஆட்டத்துக்கு அந்த நாட்டிலிருந்து ஒருத்திதான் போகலாம். அந்த ஒருத்தி யார் என்று பார்க்கத் தாஷ்கந்தில் தேர்வு. ஏழு வாரம் இருந்தது.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மோஹிராவால் சொல்ல முடியாது. பின்னால் பதினைந்து வயதுக்காரிகள் நாலு பேர் பசித்த பூனை மாதிரி காத்திருந்தார்கள். இந்தத் தடவை போனால் போனாள். இல்லையென்றால் இல்லை.

மறுநாளும் குருவிடம் போனாள். அதையே கேட்டாள். கிண்ணம் தளும்பியது.

மூன்றாம் நாள் உள்ளே நுழைந்ததும் கெண்டியை அவளே எடுத்துக்கொண்டாள். தன் கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டாள். கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மஸ்தூரா சிரித்தாள். விதைத் தொலி ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது.

"சரி, கேளு."

"அந்தக் கெட்டவளை எப்படி விரட்டறது?"

"எதுக்கு விரட்டணும்? சும்மா இருக்கா, அதான் பேசறா. வேலை குடு."

"என்ன வேலை?"

"கமோலாவுக்குப் பலகை இழுக்கட்டும். கம்பிக்குக் கீழே நிக்கட்டும்."

மோஹிரா கெண்டியைக் கீழே வைத்தாள்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கம்பி என்றால் இரண்டு. ஒன்று தாழ்ந்தது, ஒன்று ஆள் உயரத்துக்கு மேலே. பெண் ஓடிவந்து, ஸ்பிரிங் வைத்த பலகையை மிதித்துத் தாவி, தாழ்ந்த கம்பியைப் பிடிப்பாள். பிடித்த அந்தக் கணமே பலகையை ஒருத்தர் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றி வரும் கால் அதில் போய் மோதும்.

பலகையை இழுத்தவர் பிறகு உயரக் கம்பிக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே அவள் இரண்டு கையையும் விட்டுவிடுவாள். காற்றில் ஒரு கரணம் போடுவாள். மறுபடியும் கம்பியைப் பிடிப்பாள். கம்பி கையில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், கீழே நிற்கிறவர் கையில் அவள் கிடைக்க வேண்டும்.

பேர் இல்லாத வேலை. படம் பிடிக்கிறவர்கள் கீழே நிற்கிற ஆளை வெட்டிவிட்டுத்தான் பத்திரிகையில் போடுவார்கள்.

"அவளுக்கா உஸ்தோஸ்?"

"அவளுக்குத்தான்."

"என் பயிற்சி?"

"காலையில. அதுக்கு நான் இருக்கேன்."

"எத்தனை நாள்?"

"ஒரு சில்லா."

நாற்பது நாளை அங்கே சில்லா என்பார்கள். நம்ம பக்கம் மண்டலம் என்கிற மாதிரி. பிள்ளை பெற்றவளுக்கும் சில்லாதான், உச்சி வெயிலுக்கும் சில்லாதான்.

கமோலா இதைக் கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீயா? எனக்கா? பலகையை இழுப்பியா, என் காலை இழுப்பியா?"

"எது கைக்குக் கிடைக்குதோ அது."

"வா வா, பலகைக்காரி."

முதல் நாள் பலகையை இழுக்கப் பிந்திவிட்டாள். கமோலாவின் குதிகால் அதன் ஓரத்தில் உரசிக்கொண்டு போனது. கமோலா இறங்கிவந்து குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். தோல் சிவந்திருந்தது.

"என்ன யோசனை உனக்கு?"

"உன் ஓட்டத்தைப் பார்த்துட்டு இருந்தேன்."

"ஓட்டத்தைப் பார்க்க ஊரே இருக்கு. நீ பலகையைப் பாரு."

அடுத்த நாள் நேரத்தில் இழுத்தாள். ஆனால் கமோலா மேலே பறந்தபோது பயந்துவிட்டாள். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்து இறக்கிவிட்டாள்.

கமோலாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரு உன்னைப் பிடிக்கச் சொன்னது? கம்பி என் கையில வந்துடுச்சு! தோல்ல பட்டுடுச்சு!"

"விழப்போறேன்னு நினைச்சேன்."

"நினைச்சியா, வேண்டிக்கிட்டியா?"

இரண்டில் எது என்று மோஹிராவுக்கே தெரியவில்லை.

மஸ்தூரா ஓரத்தில் விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"மோஹிரா, இப்போ யாரு விழுந்தது?"

"யாரும் விழலை உஸ்தோஸ். நான்தான் பிடிச்சுட்டேனே."

"உன் மனசுல ஒருத்தி விழுந்தா. நான் பார்த்தேன்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. தொலியைக் காகிதத்தில் கொட்டி மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் போனது. மோஹிரா பலகையை ஒழுங்காக இழுத்தாள். கமோலாவுக்குக் கம்பி வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் தேன் தடவி, அதன்மேல் வெள்ளைப் பொடி தேய்த்துவிடுகிற வேலையும் தானாக அவளிடம் வந்து சேர்ந்தது. வேலை தெரிந்தவளிடம் வேலை தானாக வந்து சேரும் இல்லையா, அந்த மாதிரி.

"தேன் ரொம்பப் போட்டுட்டே. நான் ஈயா?"

"ஈ இவ்வளவு பேசாது."

இப்படி இருக்கும்போதுதான் ஒன்பதாம் நாள் வந்தது.

கமோலா மேலே பறந்தாள். வலது கை கம்பியைப் பிடித்தது. இடது கை பிடிக்கவில்லை. உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பியது.

மோஹிராவுக்குத் தெரிந்தது. இது நிஜம். விழப்போகிறாள்.

விழு, என்றாள் உள்ளே இருந்தவள்.

மோஹிராவின் கை நின்றது. அதிக நேரமெல்லாம் இல்லை. கண்ணை ஒரு தரம் மூடித் திறக்கிற நேரம்.

கமோலா மெத்தையில் மல்லாக்க வந்து விழுந்தாள். மூச்சு அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். காற்று உள்ளே போகவில்லை. கரையில் போட்ட மீன்தான். மஸ்தூரா ஓடிவந்து நெஞ்சைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது.

"வழுக்கிடுச்சு," என்றாள் கமோலா. "தேன் பத்தலை."

எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, துணி மாற்றப் போய்விட்டாள்.

மோஹிரா அங்கேயே நின்றாள்.

"உஸ்தோஸ்."

"ம்."

"தேன் பத்தியிருந்தது."

"ம்."

"என் கைதான் போகலை. போக வேண்டிய நேரத்துல போகலை. நான்தான் நிறுத்தினேன்."

"என்கிட்ட ஏன் சொல்றே? நானா விழுந்தேன்?"

மோஹிரா அலமாரி இருக்கிற அறைக்குப் போனாள். கமோலா பெஞ்சில் உட்கார்ந்து, முதுகில் தைலம் தேய்க்க எட்டாமல் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடு," என்று தைலத்தை வாங்கினாள் மோஹிரா. தேய்த்துக்கொண்டே சொன்னாள். முதுகைப் பார்த்துச் சொல்வது முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சுலபம்.

"நான் உன்னைப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கலை."

"தெரியும்."

மோஹிராவின் கை நின்றது.

"தெரியுமா?"

"விழும்போது உன் முகத்தைப் பார்த்துக்கிட்டேதானே வந்தேன். தேய், ஏன் நிறுத்திட்டே?"

"உஸ்தோஸ்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேற ஆளை நிறுத்துவாங்க."

"நிறுத்தட்டுமே. உனக்கு நல்லதுதானே?"

கமோலா திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"உஸ்தோஸ் நிப்பாங்க. பாதியில யாராவது கூப்பிட்டா அங்கே திரும்புவாங்க. சின்னப் பொண்ணுங்க நிக்கும். வாயைப் பார்த்துட்டு நிக்கும். நீ என்னை விட்டுக் கண்ணை எடுக்கறதே இல்லை. நான் விழணும்னு அவ்வளவு ஆசை உனக்கு. உன்னை மாதிரி என்னைப் பார்க்கிற ஆள் இந்த ஊர்ல எங்கம்மாகூட இல்லை."

"இன்னைக்கு விட்டேனே."

"இன்னைக்கு விட்டே. நாளைக்கு விடமாட்டே. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்."

மோஹிரா தேய்த்தாள்.

அதற்கப்புறம் அவள் தன் கையைக் காவல் காக்கத் தொடங்கினாள். கண் கமோலாமேல், மனசு கைமேல். முதலில் அது பெரிய பாடாக இருந்தது. பிறகு கையை மறந்துவிட்டாள். கை அதுபாட்டுக்கு இருந்தது.

பார்க்கப் பார்க்கப் பல விஷயம் தெரிந்தது. கமோலா தாவுவதற்கு முன்னால் நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தொடுவாள். கன்னம் லேசாகப் புடைக்கும். சாப்பிட்டு வந்த நாளில் கரணம் ஒரு விரல்கடை தாழும். அம்மாவோடு சண்டை போட்ட நாளில் தேவைக்கு மேலே உயரப் பறப்பாள்.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கை தவறினாலும் சமாளித்துவிடுவாள் என்றால், கமோலா மூக்கால் புஸ்ஸென்று காற்றை விடுவாள். நிஜமாகவே போகிறாள் என்றால் சத்தமே இருக்காது. மூச்சை உள்ளேயே பிடித்துக்கொள்வாள். இது கமோலாவுக்கே தெரியாது.

முப்பது நாள் ஆனபோது மஸ்தூரா ஒன்று செய்தாள். கம்பிக்குக் கீழே அவளே போய் நின்றுகொண்டாள். மோஹிராவைக் கூட்டிப்போய்ச் சுவரைப் பார்க்க நிற்கவைத்தாள்.

"திரும்பாதே. கமோலா, ஏறு."

கம்பி அதிர்கிற சத்தம் கேட்டது. விட்ட சத்தம். பிடித்த சத்தம்.

"இப்போ?" என்றாள் மஸ்தூரா.

"நல்லாப் பிடிச்சா."

மறுபடியும்.

"இப்போ?"

"ஒரு கைதான். ஆனா சமாளிச்சுடுவா."

சமாளித்தாள்.

மறுபடியும் விட்ட சத்தம் கேட்டது.

"பிடிங்க உஸ்தோஸ்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள் மோஹிரா.

தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். கமோலா மஸ்தூராவின் கையில் கிடந்தாள். குருவின் வாயிலிருந்த விதை மெத்தையில் சிந்தியிருந்தது.

"சுவத்துல கண் வச்சிருக்கா இவ," என்றாள் கமோலா.

மஸ்தூரா விதையைப் பொறுக்கினாள்.

அந்த நாற்பது நாளில் காலைப் பயிற்சியில் மோஹிரா எத்தனை தடவை விழுந்தாள் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அவளும் எண்ணவில்லை.

தாஷ்கந்துக்கு ரயிலில் போனார்கள். மலையைக் குடைந்து போகிற பாதை. குகைக்குள் வண்டி நுழைந்தபோது கமோலா கேட்டாள்.

"நாளைக்கு நான் விழணும்னு இருக்கா?"

மோஹிரா யோசித்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று யோசித்தாள்.

"இடம் எனக்கு வேணும்னு இருக்கு."

"நான் அதைக் கேக்கலை."

வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் கமோலா தூங்கிவிட்டாள். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிற பெண் அவள்.

தேர்வில் ஏழு பேர். மோஹிராவின் முறை மூன்றாவது.

அவளுக்குப் பலகை இழுத்தது கமோலா. கீழே நின்றதும் அவளே. மோஹிரா தாவினாள். சுற்றினாள். விட்டாள். பிடித்தாள். ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுக்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை. இறங்கி, இரண்டு காலும் ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

பதிமூன்று புள்ளி ஒன்று என்று மதிப்பெண் பலகையில் எழுதினார்கள். அவள் வாழ்நாளில் கம்பியில் வாங்கியதிலேயே அதுதான் அதிகம். நாலாவது பெண் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

இனி மூன்று பேர். அதில் பயப்பட வேண்டியது ஒருத்திக்குத்தான்.

அவள்தான் ஐந்தாவது. கமோலா.

மஸ்தூரா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உஸ்தோஸ், எழுந்திரிங்க. கமோலா முறை."

"கால் வலிக்குது. நீ நில்லு."

அன்று காலையில் அவள் தாஷ்கந்துச் சந்தை முழுக்க நடந்து தர்பூசணி தட்டிப் பார்த்தவள்.

"நான் நிக்கக்கூடாது உஸ்தோஸ். நானும் போட்டியில இருக்கேன்."

"இது நம்ம நாட்டுக்குள்ள நடக்கிற தேர்வு. யாராவது ஒருத்தர் நிக்கலாம். கேட்டுட்டேன்."

மேசையில் தலைமை நடுவராக இருந்தவர் துர்சுன். பெரிய உடம்பு. நல்ல மனிதர். அங்கே அண்ணனை 'அகா' என்பார்கள். எல்லோரும் அவரைத் துர்சுன் அகா என்றே கூப்பிடுவார்கள். அவர் மோஹிராவைக் கூப்பிட்டு விதியைச் சொன்னார்.

"மகளே, நிக்கலாம். தொடக்கூடாது. ஒரு விரல் பட்டாலும் அவளுக்கு ஒரு புள்ளி முழுசாப் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் அகா."

"ஆனா ஆபத்துன்னா தயங்காதே. புள்ளி போனாப் போகுது. உசுரு முக்கியம்."

"சரி அகா."

கமோலா கையைத் தூக்கி நடுவருக்கு வணக்கம் காட்டினாள். ஓடினாள். கன்னம் புடைத்தது. தாவினாள்.

பலகை வெளியே வந்துவிட்டது. மோஹிரா உயரக் கம்பிக்குக் கீழே இருந்தாள்.

கமோலா சுற்றினாள். ஒன்று. இரண்டு. விட்டாள். மேலே போனாள். வழக்கத்தைவிட உயரம். காலையில் அம்மாவோடு போனில் சண்டை.

இறங்கி வரும்போது வலது கை கம்பியை முழுசாகப் பிடித்தது. இடது கையில் நுனிவிரல்தான் பட்டது. பட்டு, நழுவியது.

அரங்கம் ஆவென்றது.

உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. அதே ஒன்பதாம் நாள் மாதிரி.

மோஹிராவின் இரண்டு கையும் மேலே போயிருந்தன. கமோலாவின் இடுப்புக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

இப்போது பாருங்கள். தொட்டால் கமோலா பத்திரம். ஒரு புள்ளி போகும். மோஹிரா ஆசியப் போட்டிக்குப் போவாள். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லமுடியாது. போட்டிக்காரியின் உயிரைக் காப்பாற்றியவள் என்று நாலு ஊர் பேசும்.

பிடி, என்றாள் உள்ளே இருந்தவள். அவளேதான். குரல்கூட மாறவில்லை. பிடி, பாவம், பிடி.

மேலே மூக்கால் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது.

மோஹிரா கையை இறக்கிக்கொண்டாள்.

கமோலா ஒற்றைக் கையில் ஒரு வீச்சு ஆடினாள். அந்த வீச்சிலேயே இடது கையைக் கொண்டுவந்து கம்பியில் போட்டாள். நின்றது. சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள். இறங்கி நின்றாள். ஒரு அடி முன்னால் வைத்துவிட்டுச் சமாளித்தாள்.

நடுவர்கள் நெடுநேரம் எழுதினார்கள்.

கமோலா மூச்சு வாங்கிக்கொண்டு மோஹிராவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பயமா இருந்துச்சா?"

"இல்லை."

"எனக்கு இருந்துச்சு."

"தெரியும். சண்டை போட்டா உயரப் போவே."

"எந்தச் சண்டை?"

"உங்கம்மாவோட."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

எண் வந்தது. பதிமூன்று புள்ளி ஒன்று ஐந்து. ஒரு கை தவறியதற்கு வெட்டியிருந்தார்கள். ஆனால் அவள் போட்ட கரணம் மோஹிராவினதைவிடக் கடினமானது. அது காப்பாற்றிவிட்டது.

மோஹிரா எண்ணை ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். எண் மாறவில்லை.

கமோலா கையில் இருந்த தேனும் பொடியுமாக மோஹிராவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, மஸ்தூராவிடம் ஓடினாள்.

மஸ்தூரா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கால் வலி எதுவும் தெரியவில்லை. அவள் கமோலாவைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் கண் மோஹிராமேல் இருந்தது. விதை கொறிக்கவும் மறந்துபோயிருந்தாள்.

அடுத்தது ஆறாவது பெண். தெற்கே தெர்மெஸ் ஊர்க்காரி. பதினாறு வயது இருக்கும். இந்த எண்ணை எட்டுகிற பெண் இல்லை; அது அவளுக்கும் தெரியும். கையில் பொடி தேய்த்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளுக்குச் சொல்லித்தருகிற குருவுக்கு நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். பலகையை இழுக்க அவளால் குனிய முடியாது.

துர்சுன் அகா மேசையை விட்டு இறங்கி, மெத்தையில் ஏறி, மோஹிராவிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மகளே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அகா."

"நான் இருபத்தஞ்சு வருஷமா இந்த மேசையில இருக்கேன். அவ கை நழுவினதைப் பார்த்தேன். உன் கை மேலே போனதையும் பார்த்தேன்."

"ஆமா அகா."

"நீ தொட்டிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. நானே எழுந்து கை தட்டியிருப்பேன்."

"ஆமா."

"இடமும் உனக்குத்தான் வந்திருக்கும்."

"ஆமா அகா."

"அப்போ ஏன் தொடலை?"

மோஹிரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள். பெரிய கறுப்பு ஷூ. பலகை வந்து நிற்க வேண்டிய வழியில் இரண்டும் அகலமாக ஊன்றி இருந்தன.

அந்தப் பக்கம் தெர்மெஸ் பெண் கையைத் தூக்கி வணக்கம் காட்டிவிட்டாள்.

"அகா, ரெண்டு எட்டு அந்தாண்ட போங்க."

"ஏன்?"

"அந்தப் பொண்ணு வருது."

அவர் நகர்ந்தார். பெண் ஓடிவந்தாள், மிதித்தாள், தாவினாள், கம்பியைப் பிடித்தாள்.

மோஹிரா குனிந்து பலகையை இழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, உயரக் கம்பிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.